பொய்த் தெய்வமும் திறந்த வாயிலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளை அழைப்பிதழிற் கண்ட பெரியோர் சிலர் புன்முறுவல் பூத்திருப்பர். விஞ்ஞானப் புனைகதையில் வரும் பக்தனொருவன், தான் வணங்கி வந்தது பொய்த் தெய்வம் என்று அறிந்தால், அதனைக் கைவிட அவனால் இயலுமா என்பதே பொருள். சைவ இளைஞர் கூடும் சபையில் இக்கதைகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் பிள்ளைகள் பாடம் முடிந்ததும் பார்ப்பவையும் படிப்பவையும் இத்தகைய கதைகளே. அவற்றிலிருந்து எழும் வினாவை வீட்டிலே கேட்டால் வாயை மூடு என்கிறோம். மூடிய வாய் வேறெங்கேனும் சென்று திறக்கும். ஆதலின் அவ்வினாவை இங்கேயே, பெரியோர் முன்னிலையிலேயே எடுத்து ஆராய்வது நன்று.

முதலிற் கதையைச் சொல்லுவோம். 'ஸ்டார்கேட் எஸ்.ஜி.-1' என்னும் தொலைக்காட்சித் தொடர் 1997-ஆம் ஆண்டிலிருந்து 2007-ஆம் ஆண்டு வரை பத்துப் பருவங்களாக ஒளிபரப்பாயிற்று. அதிலே கொவால்ட் என்றோர் இனம் வருகிறது. பாம்பு போன்ற ஒட்டுயிர்கள் அவை. மனிதர் உடலினுட் புகுந்து, அவருடைய அறிவை அடக்கி, அவர் வாயாலேயே பேசும். பெரும் பொறிகளும் ஆயுதங்களும் அவற்றின் கையில் உண்டு. பழைய எகிப்து நாட்டுத் தெய்வங்களின் பெயர்களைச் சூடிக்கொண்டு, தாமே கடவுளர் என்று பல உலகங்களை ஆளுகின்றன. அவற்றுக்கு ஏவல் செய்யும் போர்வீரர் ஜாஃபா எனப்படுவர். அவ்வீரருள் ஒருவன் டீல்க். அபோபிஸ் என்னும் பொய்க் கடவுளின் படைத்தலைவன். தலைமைக்கு அடையாளமாக அவன் நெற்றியிலே பாம்புருவப் பொற்சின்னம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இவனுடைய கட்டு எத்தகையது என்று பாருங்கள். ஜாஃபா இனத்தவர் ஒவ்வொருவர் வயிற்றிலும் இளம் கொவால்ட் ஒன்று குடியிருக்கிறது. நோய் வராமற் காப்பதும் அதுவே. அதனை எடுத்துவிட்டால் ஆள் பிழையான். மனைவியும் மகனும் அந்தத் தெய்வத்தின் ஆட்சிக்குட்பட்ட ஊரிலே வாழ்கின்றனர். உணவு, பதவி, உறவு, உயிர் ஆகிய நான்கும் பொய்த் தெய்வத்தின் கையில் இருக்கின்றன. இருந்தும் தொடரின் முதற்கதையிலேயே அவன் அதனை விட்டு வருகிறான். கொல்லும்படி ஆணையிடப்பட்ட கைதிகளைக் கொல்லாது, தன் படையினர் மேலேயே ஆயுதத்தைத் திருப்பி, கைதிகளை விடுவித்து, அவர்களோடு தானும் வெளியேறுகிறான்.

இயலுமா என்னும் வினாவுக்குக் கதை இயலும் என்று விடை கூறிவிட்டது. ஆயினும் அவனை வெளியே கொண்டுவந்தது யாது என்பதையே நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அபோபிஸ் கடவுளல்லன் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்ததா? இல்லை. பிராடாக் என்னும் முதிய ஆசிரியர் அவன் உள்ளத்தில் அவ்வையத்தை நெடுங்காலம் முன்னரே விதைத்துவிட்டார். உண்மை தெரிந்த பின்னும் அவன் ஆண்டுக்கணக்காக ஏவல் செய்துகொண்டே இருந்தான். விட்டுச் செல்ல அவனுக்கு ஓர் இடமில்லை. கைதிகளின் தலைவன், இவர்களை என்னாற் காப்பாற்ற முடியும் என்று சொன்னபோதுதான் முதன்முறையாக ஒரு வாயில் தெரிந்தது. அறிவு முன்னரே வந்துவிட்டது. வாயில் பின்னரே திறந்தது. வாயில் திறந்த அன்றே அவன் வெளியேறினான்.

இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றே. பொய்த் தெய்வத்தைப் பொய்யென்று காட்டுவது ஒரு பணி. அதிலிருந்து மனிதனை வெளியே கொண்டுவருவது வேறொரு பணி. முன்னையதற்கு விஞ்ஞானம் பெரிதும் உதவும். பின்னையதற்கு வேண்டியது திறந்த வாயில்.

இக்கொள்கை கதைக்கு மட்டும் பொருந்துவதா, நம் நாட்டு வரலாற்றுக்கும் பொருந்துவதா என்று சோதித்துப் பார்ப்போம்.

விஞ்ஞானப் புனைகதை எழுதியோருள் உலகப் புகழ் வாய்ந்த ஒருவர் நம் கொழும்பு நகரவாசி. ஆதர் சி. கிளார்க் 1956-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து குடியேறி, 2008-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆந் திகதி கொழும்பிலேயே காலமானார். எந்த மதச் சடங்கும் தம் இறுதிக் கிரியையிற் கூடாது என்று எழுதி வைத்துப் பொரளை மயானத்தில் அடக்கமானவர் அவர். 1979-ஆம் ஆண்டு வெளிவந்த 'சுவர்க்கத்தின் நீரூற்றுகள்' என்னும் அவருடைய நாவல் இலங்கையைச் சற்றே தெற்கு நோக்கி நகர்த்தி, பூமத்திய ரேகையின் மேல் வைத்துத் தப்ரபேன் என்று அழைக்கிறது. அதிலே வரும் ஸ்ரீகந்த மலைக்கு மூலம், நாம் சிவனொளிபாதமலை என்று வணங்கும் மலையே. அம்மலை உச்சியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் பெருங்கோபுரம் ஒன்றை அமைக்க ஒரு பொறியியலாளர் முயல்கிறார். உச்சியிலோ பழம் பெரும் பௌத்த மடம் இருக்கிறது. அம்மடத்திலே பராகர்ம என்றொரு பிக்கு. முன்னாளிற் பெரிய விஞ்ஞானியாயிருந்து துறவு பூண்டவர். கோபுரத்தைத் தடுப்பதற்காக அவர் தம் பழைய அறிவைக் கொண்டு கடுங்காற்றை எழுப்புகிறார். அந்தக் காற்றே வண்ணத்துப்பூச்சிகளை மலையுச்சிக்கு அடித்துச் செல்கிறது. வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடைந்தால் துறவியர் மலையை விட்டு நீங்குவர் என்பது பழைய ஐதிகம். மடம் காலியாகிறது. பராகர்ம காவியைக் களைந்து மீண்டும் விஞ்ஞானத்துக்கே திரும்பிவிடுகிறார்.

அதே நாவலில், வேற்றுலகிலிருந்து வந்த ஆளில்லாக் கலம் ஒன்று கடவுட் கொள்கையை மறுத்துரைக்க, உலகத்திற் பெரும் பகுதியார் மத நம்பிக்கையை இழந்துவிட்டதாகவும் கிளார்க் எழுதுகிறார். சான்று கிடைத்தாற் போதும், பக்தி தானே உதிர்ந்துவிடும் என்பது அவருடைய எண்ணம்.

அவரை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அவர் எண்ணத்துக்கு மறுப்பு அவர் அருகிலேயே இருந்தது. மைக் வில்சன் என்னும் ஆங்கிலேயர் கிளார்க்குடன் இந்நாட்டுக்கு வந்த தோழர். ஆழ்கடலில் மூழ்குவதில் வல்லவர். இருவரும் திருக்கோணமலைச் சுவாமிமலை அடிவாரத்துக் கடலில் மூழ்கி, 1622-ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்களைக் கண்டனர். 1961-ஆம் ஆண்டு தென்கிழக்குக் கடலிற் கிரேட் பாசஸ் பாறைத் தொடரருகே பழைய வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தவரும் வில்சனே. 1962-ஆம் ஆண்டு வெளியான முதலாவது வண்ணச் சிங்களத் திரைப்படமாகிய 'ரன்முத்து தூவ' அவர் இயக்கியது. அந்த வில்சன் பிற்காலத்திற் காவி பூண்டு, சிவ கல்கி சுவாமி என்னும் பெயருடன் கதிர்காமக் கந்தனுக்கு அடியவரானார். 1995-ஆம் ஆண்டு காலமானார்.

ஒரே கடல், ஒரே தூண்கள், பார்த்த கண்களும் ஒரே நாட்டவர் கண்கள். ஒருவர் சடங்கே வேண்டாவென்று அடங்கினார். மற்றவர் முருகனடியைப் பற்றினார். கண்ட காட்சி ஒன்றாயினும் சென்ற வழி இரண்டாயிற்று. ஆகவே சான்று மட்டுமே மனிதனைத் திருப்புவதில்லை என்பது தெளிவு.

இதனினும் பழைய சோதனையொன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823-ஆம் ஆண்டு ஒரு செமினரியை நிறுவினர். அதன் அதிபர் டானியல் பூவர் வானசாஸ்திரத்திலும் பயிற்சி உடையவர். 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் சந்திர கிரகணம் ஒன்று நிகழவிருந்தது. ஊர்ப் பஞ்சாங்கம் கணித்த நேரத்திற் கால்மணி அளவு பிழை இருப்பதைப் பூவர் கண்டு, முன்கூட்டியே அறிவித்தார். ஊர் முழுவதும் அந்த இரவுக்குக் காத்திருந்தது. கிரகணம் பூவர் சொன்ன கணக்கின்படியே பற்றிற்று. பஞ்சாங்கக் கணக்குத் தளர்ந்தது. இராகு கேதுவாகிய பாம்புகள் சந்திரனை விழுங்கும் கதையும் மாணவரிடையே தளர்ந்தது. சைவமும் அதனோடு தளரும் என்று மிஷனார் எதிர்பார்த்தனர்.

நடந்தது வேறு. மாணவர் வானசாஸ்திரத்தை நன்றாகக் கற்றனர். கிரகணக் கணக்கைத் திருத்திக்கொண்டனர். யாழ்ப்பாணமோ சைவ நாடாகவே நின்றது. செமினரி 1855-ஆம் ஆண்டு மூடப்பட்டது. அங்கே படித்தவர்களுள் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. கிறிஸ்தவராக வளர்ந்து, 1857-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறியவர். மேலைநாட்டு விஞ்ஞானத்தை அக்காலத் தமிழருள் அவரளவு கற்றவர் மிகச் சிலரே. அவர் பின்னர்ச் சைவத்துக்கு மீண்டார். கலித்தொகை முதலாய பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து அழியாமற் காத்தார்.

இங்கும் வாயிலொன்று திறந்திருந்ததை மறக்கலாகாது. ஆறுமுக நாவலர் 1848-ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிவிட்டார். கற்றவன் தன் கல்வியோடு வந்து நிற்கத்தக்க இடம் சைவத்தில் உண்டாயிற்று. நாவலர் அயலாரை மட்டும் கண்டித்தவரல்லர். 'யாழ்ப்பாணச் சமயநிலை' என்னும் பிரசுரத்தில் நம் கோயில்களில் நடந்த உயிர்ப்பலியையும் ஒழுக்கக் கேட்டையும் பெயர் மறைக்காது கடிந்தார். தன் வீட்டைக் கூட்டாதவன் அயல் வீட்டுக் குப்பையைச் சுட்டுதல் தகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

கிறிஸ்தவ அன்பர்களைக் குறைகூற இவற்றைச் சொன்னோமல்லேம். கொட்டாஞ்சேனையிற் பொன்னம்பலவாணேசர் மணியும் சாந்த லூசியா தேவாலய மணியும் ஒரே காற்றிற் கலந்தே ஒலிக்கின்றன. எந்தச் சமயத்தவராயினும் சான்றினால் மட்டும் மாறிவிடுவதில்லை என்பதே நாம் கொள்ளும் பொருள்.

இனி, பொய்த் தெய்வம் என்பது யாது? சைவ சித்தாந்தம் இதற்கு அளவுகோல் தருகிறது. பதி, பசு, பாசம் என மூன்று பொருள்கள் உள. பதி பிறவாதது, இறவாதது, எவரிடத்தும் ஒன்றை வேண்டாதது. பசுவாகிய உயிர் பிறக்கும், இறக்கும், பாசத்தாற் கட்டுண்ணும். கதையில் வந்த அபோபிஸ் பிறந்தவன், இறப்பவன், பிறருடைய உடலின்றி வாழ மாட்டாதவன், அடியவரின் அச்சமின்றி ஆள மாட்டாதவன். எத்தனை பொறிகள் கையிலிருந்தாலும் அவன் பசுவே. பசுவைப் பதியென்று மயங்குவதே பொய்த் தெய்வ வழிபாடு. வடிவம் கல்லா, செம்பா, வேலா என்பதில் இல்லை பொய். கட்டுண்டவன் ஒருவன் தன்னைக் கட்டவிழ்ப்பவன் என்று சொல்லிக்கொள்வதிலேயே இருக்கிறது.

சித்தாந்தம் இன்னொன்றும் சொல்லுகிறது. அன்பர் எந்தத் தெய்வத்தை முன்வைத்து வழிபட்டாலும் அவ்வழிபாட்டை ஏற்று அருள்பவன் சிவனே என்பது சிவஞான சித்தியாரிலே அருணந்தி சிவாசாரியார் விளக்கிய கருத்து. இதனை ஆறுதல் மொழியாகக் கொள்ளல் வேண்டும். ஏமாந்த பக்தன் ஒருவன், பத்தாண்டு நான் செய்த பூசையெல்லாம் பாழாயிற்றே என்று தலையில் அடித்துக்கொள்கிறான். பாழாகவில்லை. நீ காட்டிய அன்பு மெய்யன்பாயின், அது சேரவேண்டிய இடத்துக்கே சேர்ந்துவிட்டது. இடையில் நின்று தட்டிப் பறித்தவன் காசைப் பறித்திருப்பான். அன்பைப் பறிக்க அவனால் இயலாது. ஆதலின் பொய்த் தெய்வத்தை விடுபவன் பக்தியை விடவேண்டியதில்லை. விட வேண்டியது அச்சத்தை மட்டுமே.

திருநாவுக்கரசர் சரிதத்தை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். மருணீக்கியார் சமணத்திற் சேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். பின்னர்ச் சூலை நோய் வயிற்றைக் குடைந்தது. சமணம் நற்பண்புகள் பல உடைய பெருஞ்சமயம். அதனைப் பழிப்பது நம் கருத்தன்று. அவர் மீண்ட விதத்தையே நாம் கவனிக்கின்றோம். சேக்கிழார் கூறும் வரலாற்றில், நோயுற்ற தம்பி தன் ஆளை அனுப்பித் தமக்கையாரை அழைக்கிறார். திலகவதியார் மடத்துக்கு வர மறுத்தார், தம்பியை மறுக்கவில்லை. அவர் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து அடியில் விழுந்தபோது, தமக்கையார் யாது செய்தார்? நான் அன்றே சொன்னேனே என்றாரா? இத்தனை ஆண்டும் எங்கே போயிருந்தாய் என்று கேட்டாரா? திருநீற்றை எடுத்துக் கொடுத்தார். கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அவ்வளவே. தம்பிக்காகப் பல்லாண்டு இறைவனிடம் வேண்டிக்கொண்டும், திருவதிகைத் திருக்கோயில் வாயிலை நாள்தோறும் அலகிட்டும் மெழுகியும் இருந்தவர் அவர். வருபவனுக்கு வாயில் துப்புரவாய் இருந்தது.

அன்பர்களே, இதுகாறும் பழங்கதையும் புதுக்கதையும் பேசினோம். இனிச் சொல்லப்போவது நம் காலத்து நிகழ்ச்சி, சொல்லக் கசப்பானது. சொல்லாமல் விடுவதோ அதனினும் கசப்பானது.

பிரேமானந்தா என்பவர் 1951-ஆம் ஆண்டு நம் மாத்தளையிற் பிறந்தவர். கையிலிருந்து விபூதி வருவித்தும், சிவராத்திரி நாளில் வாயிலிருந்து லிங்கம் எடுத்தும் காட்டி, அடியவர் கூட்டத்தைத் திரட்டினார். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தமிழ் நாட்டுக்குச் சென்று, திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஆசிரமம் அமைத்தார். இங்கிருந்து சென்ற ஆதரவற்ற சிறுமிகள் பலர் அங்கே வளர்ந்தனர். 1994-ஆம் ஆண்டு அவர் கைது செய்யப்பட்டார். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புதுக்கோட்டை நீதிமன்றம் அவரைப் பாலியல் வன்கொடுமைகளுக்கும் ஒரு கொலைக்கும் குற்றவாளியெனக் கண்டு, இரட்டை ஆயுட் தண்டனை விதித்தது. மரபணுச் சோதனையும் சான்றாக வைக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தண்டனைக் காலத்திலேயே 2011-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் அவர் இறந்தார்.

இதில் இரண்டு கூட்டத்தாரைக் காண்கின்றோம். முதற் கூட்டத்தார் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த அடியவர். வசதி உடையவர், கல்வி உடையவர், ஆசிரமத்தை விட்டாற் பட்டினி கிடக்க வேண்டியவரல்லர். மரபணுச் சான்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்த பின்னும் அவருட் பலர் விடவில்லை. அவர் இறந்த பின்னும் வழிபாட்டைத் தொடர்ந்தனர். இரண்டாங் கூட்டத்தார் அந்தச் சிறுமிகள். உண்ட சோறு ஆசிரமத்துச் சோறு. தந்தை என்று அழைத்ததும் அவரையே. வெளியே அவர்களுக்கு ஊரில்லை, உறவில்லை. டீல்க் என்னும் கற்பனை வீரனுக்கு இருந்த கட்டுகள் அத்தனையும் இவர்களுக்கு மெய்யாகவே இருந்தன. அவனுக்கிருந்த ஆயுதம் ஒன்றுதான் இல்லை. ஆயினும் அவர்களுட் சிலர் தப்பி வெளியே வந்தனர். தங்களுக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்லினர். நீதிமன்றத்தில் நின்று உரைத்தனர். அவர்கள் சொல்லை நம்பி ஏற்றுக்கொள்ள வெளியே சிலர் இருந்தமையால் வழக்கு நின்றது.

பொய்த் தெய்வத்தைக் கைவிட இயலுமா என்று இனிக் கேட்பவர்க்கு, கற்பனை வீரனை எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. அந்தப் பெண்பிள்ளைகளை நினைத்தாற் போதும். வரலாற்றில் அப்பர் சுவாமிகளுக்கு நாம் குருபூசை செய்கின்றோம். அப்பிள்ளைகளுக்கு நம் சமூகம் செய்தது யாது? அவர்களுடைய பெயர் கெட்டுவிட்டதென்று முணுமுணுத்தவர் உண்டு. சைவத்துக்கு இழுக்கு வந்துவிட்டது, ஆதலின் பேச வேண்டாம் என்றவரும் உண்டு. சைவத்துக்கு இழுக்கு உண்டாக்கியவர் குற்றம் செய்தவர், குற்றத்தைச் சொன்னவரல்லர்.

ஏன் இதனை இத்துணை அழுத்திக் கூறுகின்றோம்? இன்றும் நம் தெருக்களிலே விசாவுக்கு ஒரு விலை, பிள்ளையின் பரீட்சைக்கு ஒரு விலை, திருமணத் தடைக்கு ஒரு விலை என்று பரிகாரம் விற்போர் வருகின்றனர். தம்மையே அவதாரம் என்போரும் வருகின்றனர். ஒரு குடும்பம் காலிவீதித் தொடர்மாடி வீட்டிலே சுவாமி ஒருவரை வைத்துப் பூசை செய்து, நகையையும் சேமிப்பையும் இழந்து, ஒரு நாள் உண்மையை உணர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்குடும்பம் யாது செய்யும்? வாயைத் திறவாது. அயலவர் சிரிப்பார்கள் என்னும் வெட்கம். முன்பு எச்சரித்த பெரியப்பா குத்திக் காட்டுவார் என்னும் அச்சம். வெட்கத்தினால் மௌனம், மௌனத்தினால் அடுத்த மாடிக் குடும்பமும் அதே குழியில் விழும். பொய்த் தெய்வத்தின் கோட்டையைக் காப்பது அதனுடைய மந்திரமன்று. நம்முடைய ஏளனச் சிரிப்பு.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு சொல். சோதித்துப் பாருங்கள். 1897-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆந் திகதி கொழும்பிற் கால்வைத்த விவேகானந்த சுவாமிகளைக் கொட்டாஞ்சேனையில் 1902-ஆம் ஆண்டு தோன்றிய சபை இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. அவர் தம் குருவையே சோதித்தவர். காசைத் தீண்டமாட்டேன் என்ற இராமகிருஷ்ணர் படுக்கையின் கீழே அவர் அறியாமல் ஒரு நாணயத்தை ஒளித்து வைத்தார் என்பது நாம் கேட்ட வரலாறு. குரு சினந்தாரா? நாணயமாற்றுபவன் காசைத் தட்டிப் பார்ப்பதுபோல என்னையும் தட்டிப் பார் என்று ஊக்கினார். மெய்யான குரு சோதனைக்கு அஞ்சார். கேள்வி கேட்டாற் சாபம் வரும், வீட்டாரிடம் சொன்னால் அருள் போய்விடும், தனியாக வா என்று ஒருவர் கூறினால், அவர் எத்தனை விபூதி கொட்டினாலும் அங்கே நில்லாதீர்கள். அன்றே வந்து பெற்றோரிடமோ மன்றத்துப் பெரியவரிடமோ சொல்லுங்கள்.

பெரியோர்களுக்கும் பணிவுடன் ஒரு சொல். பிள்ளை விஞ்ஞானம் படித்தாற் கோயிலுக்கு வராது என்று அஞ்ச வேண்டாம். கிரகணக் கணக்குத் திருத்தப்பட்ட பின்னும் யாழ்ப்பாணத்துக் கோயில்கள் நிலைத்து நின்றன. அஞ்ச வேண்டியது வேறு. பிள்ளை எங்கோ ஒரு பொய்யிற் சிக்கி, மீள விரும்பி, நம் வீட்டு வாயிலுக்கு வந்து, உள்ளே என்ன வசை காத்திருக்கிறதோ என்று தயங்கித் திரும்பிவிடுமோ என்பதற்கே அஞ்ச வேண்டும். திலகவதியாரைப் போல இருங்கள். முதலில் திருநீறு, வினாவெல்லாம் பிறகு.

மன்றத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோளும் இதுவே. ஏமாந்து மீண்டவரை நகையாடுவதில்லை என்று இந்த ஆண்டு உறுதி கொள்வோம். அவ்வாறு வருவோர் சொல்வதைக் கேட்கப் பொறுமையுள்ள பெரியவர் இருவரையும் தாய்மார் இருவரையும் மன்றம் நியமிக்கட்டும். பொலிசுக்குச் செல்ல வேண்டியதாயின் துணைக்குச் செல்லட்டும். சிறு பிள்ளைகள் சம்பந்தப்பட்டதாயின் ஒரு நாளும் தாமதியாது செல்லட்டும்.

கதையிலே டீல்க் விட்டு வந்த பின்னும் நெற்றிப் பொற்சின்னம் அழியவில்லை. வயிற்றிலிருந்த ஒட்டுயிரின் உதவியும் பல்லாண்டு தேவைப்பட்டது. அதற்கு மாற்று மருந்து பின்னரே கிடைத்தது. பொய்யை ஒரு நாளில் விடலாம். அதன் வடு ஒரு நாளில் மாறாது. அவனைச் சேர்த்துக்கொண்ட தோழர் அந்தச் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவன் திரும்பிப் போயிருப்பான். அவர்கள் முகத்தைப் பார்த்தனர். நாமும் முகத்தைப் பார்க்கப் பழகுவோம்.

எல்லாரும் இன்புற்றிருக்க இறைவன் திருவருள் துணைநிற்பதாக.